பிசோகே ஏறிய கதை

எரிமலை ஏறப் போகிறேன் என்றதும் என் மனைவி கேட்ட முதல் கேள்வி, "ஏனுங்க, அது எரியுதுங்களா?" என்பதுதான்.

"இல்ல, இது தூங்கற மலை."

"தூங்கறதை எதுக்குப் போயி எழுப்பறீங்க?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. அறுபத்தாறு வயதில் ஒரு மனுஷன் மலை ஏறுவதற்குச் சொல்கிற காரணம் எதுவும் சமையலறை வாசலில் எடுபடாது.

இது நடந்தது 2018 ஜூலையில். மகளும் மாப்பிள்ளையும் அப்போது ருவாண்டாவில், கிகாலியில் இருந்தார்கள். நாங்கள் இருவரும் ஆறு வாரம் தங்கலாம் என்று போயிருந்தோம். முதல் பத்து நாள் பேரனோடு நன்றாகவே போயிற்று. அப்புறம் எனக்கு ஒரே இடத்தில் உட்கார முடியவில்லை. என் நிலைமையைப் பார்த்து மாப்பிள்ளைதான் சொன்னார், "மாமா, வடக்கே எரிமலைப் பூங்கா இருக்குதுங்க. கொரில்லா பார்க்கலாம், இல்லைன்னா மலை ஏறலாம்" என்று.

கொரில்லா பார்க்க எவ்வளவு என்று விசாரித்தேன். ஆளுக்கு 1,500 டாலர். அன்றைய கணக்கில் ஒரு லட்சம் ரூபாய். அதுவும் பார்ப்பது ஒரு மணி நேரம்தான். மலைக்கு 75 டாலர். "மலையே ஏறலாமுங்க மாப்பிள்ளை" என்றேன்.

எனக்கு மலை புதிதில்லை. வெள்ளியங்கிரி பதினோரு தடவை ஏறியவன். மின்வாரியத்தில் முதல் ஆறு வருஷம் குந்தா பக்கத்தில்தான் வேலை. மழை, அட்டை, குளிர் எல்லாம் பழக்கம். இடது முழங்கால் மட்டும் ஓய்வு பெற்ற பிறகு அவ்வப்போது முணுமுணுக்கும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என் சுமையை நானே தூக்குவேன் என்பது என் கொள்கை. ரயில் நிலையத்தில் போர்ட்டர் வைத்ததில்லை. ஓட்டலில் பையன் பெட்டியைத் தொட வந்தால் கையைத் தட்டி விடுவேன். மகள் இதைக் கஞ்சத்தனம் என்பாள். நான் சுயமரியாதை என்பேன். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

கிகாலியிலிருந்து முசான்சேக்கு இரண்டரை மணி நேரப் பயணம். பழைய ஆட்கள் இன்னும் ருஹெங்கேரி என்று சொல்கிற ஊர் அது. சாலை முழுக்க வளைவு. ஒரு குன்று முடிந்தால் இன்னொன்று; ஒரு சாண் நிலம் சும்மா இல்லை. கடைசி வளைவைத் தாண்டியதும் எதிரே எரிமலைகள் வரிசையாக நின்றன. கூம்பாக ஒன்று, உச்சி உடைந்து பல் போல் நீட்டிக்கொண்டு ஒன்று, தோள் அகன்று ஒன்று. பல் மாதிரி இருப்பதற்குச் சபின்யோ என்று பேர். கிழவனின் பற்கள் என்று அர்த்தமாம். "உங்க அப்பா மாதிரியே இருக்குது" என்று மனைவி மகளிடம் சொன்னது என் காதில் விழுந்தது.

இந்த மலைகளுக்கு விருங்கா என்று பொதுப் பெயர். ருவாண்டா, உகாண்டா, காங்கோ மூன்று நாடுகளும் வந்து சேருகிற இடத்தில் மொத்தம் எட்டு. அதில் கரிசிம்பிதான் பெரிது, 4,507 மீட்டர். நாங்கள் ஏறப்போன பிசோகே 3,711 மீட்டர். ஆப்பிரிக்கக் கண்டத்தின் கிழக்குப் பகுதி மெதுவாகப் பிளந்துகொண்டிருக்கிறது அல்லவா, அந்தப் பிளவின் மேற்குக் கிளையில் பூமிக்குள்ளிருந்து கொப்பளித்து வந்தவை இவை. ஒரு காலத்தில் அந்தப் பள்ளத்தாக்கின் தண்ணீர் வடக்கே ஓடிக்கொண்டிருந்ததாம். இந்த மலைகள் எழுந்து குறுக்கே நின்றதும் தண்ணீர் தேங்கிப் பெருகி, கிவு ஏரி தெற்குப் பக்கம் வழிய ஆரம்பித்துவிட்டது. எரிமலை கட்டிய அணை! மின்வாரியத்தில் இருந்தவனுக்கு இதைக் கேட்டதும் அந்த மலைகள் மேல் தனி மரியாதை வந்துவிட்டது.

எட்டில் ஆறு தூங்குகின்றன. காங்கோ பக்கத்து நியிராகோங்கோவும் நியமுராகிராவும் மட்டும் இன்றும் விழித்திருப்பவை. 2002-ல் நியிராகோங்கோவின் குழம்பு கோமா நகரத்துக்கு நடுவே ஓடியது. பிசோகேயும் சும்மா இருந்துவிடவில்லை. 1957-ல் அதன் உச்சியிலிருந்து வடக்கே பல கிலோமீட்டர் தள்ளித் தரை பிளந்து தீ வந்திருக்கிறது. இந்த விவரத்தை வீட்டில் நான் சொல்லவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு கினிகி என்ற இடத்தில் பூங்கா அலுவலகம். மனைவியும் மகளும் பேரனும் விடுதியிலேயே இருந்துகொண்டார்கள். அலுவலகத்தின் முன் புல்வெளியில் டீ, காப்பி இலவசம், காப்பி அருமை. எங்கள் குழுவில் எட்டுப் பேர். மாப்பிள்ளையும் நானும் போக மற்ற ஆறு பேரும் முப்பதைத் தாண்டாத வெள்ளைக்காரப் பிள்ளைகள். வழிகாட்டி என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, கட்டைவிரல் தடிமனில் ஒரு மூங்கில் தடியைக் கையில் கொடுத்தார். வெள்ளியங்கிரி அடிவாரத்தில் வாங்குகிற தடி மாதிரியே இருந்தது. அதைப் பிடித்ததும் எனக்கு இன்னும் தைரியம் வந்துவிட்டது. அங்கேதான் நான் கணக்கில் தப்பு செய்தேன். வெள்ளியங்கிரியின் ஏழாவது மலை உச்சிகூட இரண்டாயிரம் மீட்டரைத் தொடாது. முசான்சே ஊரே 1,800 மீட்டருக்கு மேல். அங்கே உச்சி எவ்வளவோ அதுதான் இங்கே தெருமட்டம்.

கிளம்பும் முன் வழிகாட்டி ஒரு வேண்டுகோள் வைத்தார். "உங்களுக்குத் தேவை இல்லாவிட்டாலும் ஒரு சுமையாளை வைத்துக்கொள்ளுங்கள். பத்து டாலர்தான். இந்தக் கிராமத்துக்காரர்களுக்கு இது வருமானம்." மலை அடிவாரத்தில் நீல நிற மேலங்கி போட்ட ஆட்கள் முறை வைத்து வரிசையாக நின்றார்கள். பெண்களும் இருந்தார்கள். என் பையில் என்ன இருந்தது? இரண்டு லிட்டர் தண்ணீர், ஸ்வெட்டர், மழைக்கோட்டு, மகள் எவர்சில்வர் டப்பாவில் கட்டிக்கொடுத்த புளிசாதம். "எனக்கு வேண்டாம்" என்று தலையை ஆட்டினேன். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லாமல் போய் ஓர் ஆளைக் கூட்டி வந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லியான உடம்பு. "என் பைக்குத்தானுங்க மாமா" என்றார். மாப்பிள்ளையின் பையில் ஒரு கேமராவைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது என்பது எனக்குத் தெரியும். தெரிந்தும் பேசாமல் இருந்தேன். மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் நடுவே சில விஷயங்கள் அப்படித்தான் ஓடும்.

முதல் அரை மணி நேரம் உருளைக்கிழங்குத் தோட்டங்கள் வழியாக நடை. மண் கரி மாதிரி கறுப்பு. ஊடே ஊடே சாமந்தி போன்ற வெள்ளைப் பூக்கள். பைரெத்ரம் என்றார்கள், கொசுவத்திச் சுருளுக்கும் பூச்சிமருந்துக்கும் போகிற பூ. பார்க்கச் சாதுவாக இருக்கிற இந்தப் பூ இங்கே பெரிய வேலை பார்த்திருக்கிறது. 1925-ல் பெல்ஜியக்காரர்கள் ஆப்பிரிக்காவின் முதல் தேசியப் பூங்காவை ஏற்படுத்தியது இந்த மலைகளைச் சுற்றித்தான். 1969-ல் ருவாண்டா பக்கத்துப் பூங்காவில் சுமார் நாற்பது சதவீதத்தை வெட்டி எடுத்து, இந்தப் பூவைப் பயிரிடக் குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். ஐரோப்பாவுக்கு ஏற்றுமதி செய்யலாம் என்று கணக்கு. செயற்கைப் பூச்சிமருந்து வந்ததும் அந்தக் கணக்கு படுத்துவிட்டது. காடு போனது போனதுதான். பூங்கா இன்றைக்கு 160 சதுர கிலோமீட்டர்.

தோட்டம் முடிகிற இடத்தில் ஒரு கல் சுவர். எரிமலைக் கல்லை அப்படியே அடுக்கி வைத்தது, சாந்து கிடையாது. காட்டெருமை இறங்கிக் கிழங்கைத் தின்னாமல் இருக்க, பூங்காவின் ஓரமாக எழுபது கிலோமீட்டருக்கும் மேல் ஓடுகிறது. சுவரைத் தாண்டிக் கால் வைத்ததும் காடு. நடுவில் வேலி, புறம்போக்கு, புதர் எதுவும் கிடையாது. இந்தப் பக்கம் கிழங்கு, அந்தப் பக்கம் கொரில்லா. துப்பாக்கியோடு இரண்டு சிப்பாய்கள் எங்களோடு சேர்ந்துகொண்டார்கள். எருமைக்காக என்றார் வழிகாட்டி.

மூங்கில் காட்டைக் கடந்ததும் பாதை இரண்டாகப் பிரிகிறது. ஒன்று பிசோகே உச்சிக்கு. இன்னொன்று டயான் ஃபாஸி அம்மையாரின் சமாதிக்கு. கரிசிம்பிக்கும் பிசோகேக்கும் நடுவில் இருக்கும் மேட்டில் 1967-ல் கூடாரம் போட்டு, இரண்டு மலைகளின் பெயரையும் ஒட்டிக் கரிசோகே என்று பெயர் வைத்து, பதினெட்டு வருஷம் கொரில்லாக்களோடு கிடந்தவர். அவர் பிரியமாக டிஜிட் என்று பெயர் வைத்த கொரில்லாவை 1977-ன் கடைசி நாளில் வேட்டைக்காரர்கள் கொன்றார்கள். 1985 டிசம்பரில் அவரையே அந்தக் குடிசையில் யாரோ வெட்டிக் கொன்றார்கள். டிஜிட்டின் பக்கத்திலேயே புதைத்திருக்கிறார்கள்.

பெரிய மனுஷி, சந்தேகமில்லை. ஆனால் கீழே கிழங்கு போடுகிறவர்கள் அவருக்கு எதிரிகளாகவே தெரிந்தார்கள். கண்ணி வைத்தவர்களைப் பிடித்து மிரட்டினார், அடிக்கவும் செய்தார். பயணிகள் வருவதும் அவருக்குப் பிடிக்கவில்லை. 1978-ல் அங்கே வந்த பில் வெபர், ஏமி வெடர் என்ற அமெரிக்கத் தம்பதிதான் வேறு மாதிரி யோசித்தார்கள். அப்போது காட்டில் இன்னும் ஒரு பெரிய துண்டை மாட்டுப் பண்ணைக்கு எடுக்க அரசு நினைத்திருந்தது. காட்டினால் பக்கத்து ஊருக்கு நாலு காசு வந்தால்தான் காடு நிற்கும் என்று சொல்லி, கொரில்லா பார்க்கும் பயணத்தை ஆரம்பித்து வைத்தார்கள். 1980-களின் ஆரம்பத்தில் விருங்கா முழுவதிலும் 250 கொரில்லா இருந்தன. 2016-ல் கணக்கெடுத்தபோது 604. பூங்கா வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு இப்போது சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போகிறது. ஒரு லட்ச ரூபாய் டிக்கெட் என்று நான் பொருமினேனே, அது இதற்குத்தான். இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. அந்தப் பிரிவில் நிற்கும்போது என் மனசில் இருந்தது, இந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் பின்னால் போய்விடக் கூடாது என்ற ஒன்றுதான்.

அங்கிருந்து ஏற்றம் ஆரம்பம். படிகள் கிடையாது. மலை ஓட்டம் விட்டுக்கொண்டே போகிறது, சேறும் கூடவே வருகிறது. ஜூலை அங்கே மழை இல்லாத காலம்தான், ஆனால் அந்தச் சேற்றுக்கு அது தெரியாது. கணுக்கால், முழங்கால் என்று போய்ச் சில இடங்களில் தொடை வரை. ஹகேனியா என்ற கிழட்டு மரங்கள் பாசி போர்த்திக்கொண்டு, கிளைகளிலிருந்து தாடி தொங்க நின்றன. வழியில் கொரில்லாவின் சாணம் கிடந்தது, ஆவி பறக்காத குறைதான். வழிகாட்டி எங்களை அவசரமாகத் தள்ளிக்கொண்டு போனார். மலைக்குச் சீட்டு வாங்கியவன் கொரில்லாவை எதிரில் பார்த்தாலும் நின்று பார்க்கக் கூடாது. சினிமாக் கொட்டகை வழியாக வீட்டுக்குப் போகிறவன் மாதிரி தலையைக் குனிந்துகொண்டு போய்விட வேண்டும்.

ஒரு மணி நேரத்தில் என் மூச்சு எனக்குக் கேட்க ஆரம்பித்தது. இரண்டாவது மணி நேரத்தில் அது மற்றவர்களுக்கும் கேட்டிருக்கும். பத்தடி போய் நிற்பேன். அந்தச் சுமையாள் எனக்கு முன்னால் போனதே இல்லை. முதுகில் மாப்பிள்ளையின் வெற்றுப் பை, எனக்கு இரண்டடி பின்னால். நான் நின்றால் அவரும் நிற்பார். திரும்பிப் பார்த்தால் வேறு பக்கம் பார்ப்பார். "பூஹோரோ, பூஹோரோ" என்று மட்டும் சொல்வார். மெதுவாக, மெதுவாக என்று அர்த்தம்.

சுமார் 3,300 மீட்டர் உயரத்தில் அது நடந்தது. இடது காலைச் சேற்றில் வைத்தேன், கால் போய்க்கொண்டே இருந்தது. இழுத்தால் கால் வருகிறது, ஷூ வரவில்லை. சாயாமல் இருக்கப் பக்கத்துச் செடியைப் பிடித்தேன். அது செந்தட்டி. நம் ஊர்ச் செந்தட்டிக்கு அண்ணன். உள்ளங்கையில் தணலை வைத்த மாதிரி இருந்தது. கையை உதறினேன், முழங்கால் திரும்பியது, உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தேன் என்ன, விழுந்தேன்.

சேற்றில் இடுப்பு வரை இருந்துகொண்டு மாப்பிள்ளையிடம், "நீங்க போயிட்டு வாங்க, நான் இங்கயே இருக்கேன்" என்றேன். குரல் எனக்கே பிடிக்கவில்லை. வழிகாட்டி மணியைப் பார்த்தார். பகல் ஒரு மணிக்குள் உச்சி தொடாதவர்களைத் திருப்பி அனுப்புவது வழக்கமாம். அப்போது பதினொன்றரை.

சுமையாள் ஒன்றும் பேசவில்லை. குனிந்து, சேற்றுக்குள் தோள் வரை கையை விட்டு என் ஷூவை எடுத்தார். புல்லைப் பிடுங்கி உள்ளே துடைத்தார். என் காலைத் தன் தொடை மேல் வைத்து மாட்டி, கயிற்றைக் கட்டிவிட்டார். அப்புறம் என் முதுகிலிருந்து பையைக் கழற்றினார். கேட்கவில்லை, கழற்றினார். நானும் தடுக்கவில்லை. எழுந்து கையை நீட்டி, "கோமேரா, முசேஹே" என்றார். மாப்பிள்ளை அர்த்தம் சொன்னார்: "தைரியமா இருங்க பெரியவரே."

அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதான் மீதி மலையை ஏறினேன். மரத்தின் வேர் மாதிரி இருந்தது அந்தக் கை.

மரங்கள் குட்டையாகி, மஞ்சள் பூக்கும் புதர்களாகி, அதுவும் முடிந்து ஒரு சரிவில் மூச்சு வாங்க நின்றோம். என்னைச் சுற்றி ஆள் உயரத்துக்குக் கம்பம் கம்பமாக ஒரு செடி. இலையைப் பார்த்ததும் எங்கோ பார்த்த முகம் மாதிரி இருந்தது. கொஞ்ச நேரம் கழித்துப் பிடிபட்டது. காட்டுப்புகையிலை! குந்தாவில் புல்வெளிச் சரிவுகளில் நிற்குமே, அதே இனம். லோபீலியா என்று வழிகாட்டி சொன்ன பெயரைத்தான் குந்தாவில் எங்கள் வனத்துறை நண்பரும் சொல்வார். இங்கே அது ராட்சசனாக வளர்ந்திருக்கிறது.

அதைப் பார்த்தபோதுதான் அவர் நினைவுக்கு வந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் நினைத்ததே இல்லை.

1977 அல்லது 78. புதிய மின்தடத்துக்குச் சர்வே. நான் சின்னப் பையன், கையில் ஃபீல்டு புத்தகமும் குடையும். தியோடலைட் பெட்டியையும் முக்காலியையும் ஒரு பெரியவர் தலையில் வைத்துத் தூக்கி வருவார். கனத்த மரப்பெட்டி. செருப்பு கிடையாது. காட்டுப்புகையிலைச் செடிகளுக்கு நடுவே ஒரு சரிவில் நான் வழுக்கியபோது பெட்டியை ஒரு கையால் தலையில் பிடித்துக்கொண்டே இன்னொரு கையை நீட்டினார். பிடித்து எழுந்தேன், மேலே நடந்தேன். இப்படி மூன்று மாதம். சாயந்தரம் மஸ்டர் ரோலில் அவர் பெயரை எழுதிக் கைநாட்டு வாங்கியவன் நான்தான். தினமும் எழுதியிருக்கிறேன். லோபீலியாவைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு யோசித்தும் அந்தப் பெயர் வரவில்லை. இப்போதும் வரவில்லை.

என் சுமையை நானே தூக்கியவன் என்று முப்பது வருஷமாக வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்தக் கணக்கில் அவர் எங்கே போனார்?

பன்னிரண்டு ஐம்பதுக்கு உச்சி. ஒன்றும் தெரியவில்லை. வாணலி வாய் மாதிரி ஒரு விளிம்பு, அதற்கு அந்தப் பக்கம் வெள்ளை. இளவட்டங்கள் பனியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். குளிர் எலும்புக்குள் போயிற்று. டப்பாவைத் திறந்து புளிசாதத்தை மூடியில் கொஞ்சம் போட்டுச் சுமையாளுக்குக் கொடுத்தேன். நிலக்கடலையைப் பொறுக்கி ரசித்துத் தின்றார். சாதத்தை ஒரு வாய் வைத்துவிட்டு, மரியாதைக்காக இன்னொரு வாய் வைத்தார். அவர் சட்டைப் பையிலிருந்து அவித்த உருளைக்கிழங்கு இரண்டு எடுத்து ஒன்றை எனக்குக் கொடுத்தார். உப்பு இல்லை, ஒன்றும் இல்லை. அப்படி ஒரு கிழங்கை நான் தின்றதே இல்லை. எரிமலை மண்ணுக்கு ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது.

அப்போது காற்று ஒன்று அடித்து வெள்ளையைக் கிழித்தது. கீழே ஏரி. சாம்பலும் பச்சையும் கலந்த நிறத்தில், கண் இமைக்காமல் பார்க்கிற மாதிரி வட்டமாக. நானூறு மீட்டர் அகலம் இருக்கும். எதிர்க்கரை காங்கோ, எல்லைக்கோடு உச்சியின் குறுக்கேதான் போகிறது. பிசோகே என்ற பெயரிலேயே நீர் ஊற்று இருக்கிறது என்றார் வழிகாட்டி. சிப்பாய்கள் இருவரும் ஏரியைப் பார்க்கவில்லை. எதிர்க்கரையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த மே மாதம்தான் காங்கோ பக்கத்துப் பூங்காவில் பெண் ரேஞ்சர் ஒருவரைச் சுட்டுக் கொன்று, பிரிட்டிஷ் பயணிகள் இரண்டு பேரைக் கடத்தியிருந்தார்கள். பயணிகள் இரண்டு நாளில் விடுதலையானார்கள். அந்தப் பூங்காவை மூடிவிட்டார்கள். எருமைக்காக என்று காலையில் சொன்ன துப்பாக்கி, எருமைக்காக மட்டும் இல்லை என்று அங்கேதான் புரிந்தது. ஐந்து நிமிஷம் இருக்கும், வெள்ளை மறுபடி மூடிக்கொண்டது.

இறக்கம்தான் என் முழங்காலுக்கு எமன். ஏறும்போது கையைப் பிடித்தேன் என்றால், இறங்கும்போது அவர் என்னை ஒவ்வோர் அடியாக இறக்கி வைத்தார் என்றே சொல்ல வேண்டும். மாப்பிள்ளைக்கு அவர்கள் பாஷை அரைகுறையாக வரும், வழிகாட்டியும் உதவினார். பேசிக்கொண்டே வந்தோம். அவருடைய அப்பா இந்தக் காட்டில் மானுக்குக் கண்ணி வைத்தவர். மூங்கிலை வளைத்துக் கயிற்றைச் சுருக்குப் போட்டு எப்படி வைப்பார் என்று நின்று செய்தே காட்டினார். கொரில்லாவுக்கு யாரும் வைப்பதில்லை, ஆனால் குட்டிகளின் கை அதில் மாட்டும், அழுகும், செத்தும் போகும். சின்ன வயதில் அப்பாவோடு அவரும் போயிருக்கிறார். இப்போது வாரத்துக்கு இரண்டு முறை சுமை தூக்கும் முறை வருகிறது. மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகிறார்கள்.

நம் ஊர்ப் பழக்கத்தில் அடுத்த கேள்வி என் வாயில் வந்துவிட்டது. "கூடப் பொறந்தவங்க எத்தனை பேருன்னு கேளுங்க மாப்பிள்ளை." மாப்பிள்ளை என் முழங்கையை லேசாக அழுத்தினார். "அது மட்டும் வேண்டாமுங்க மாமா" என்றார் தமிழில். நாற்பது வயது ஆளிடம் அந்த நாட்டில் அந்தக் கேள்வி கேட்கக் கூடாது. 1994-ல் அவருக்குப் பதினைந்து, பதினாறு இருந்திருக்கும். நூறு நாளில் எத்தனையோ லட்சம் பேர் போன வருஷம். எந்தப் பக்கம் நின்றவர், யாரை இழந்தவர் என்று நமக்கு எதற்கு? நாலு மணி நேரம் கையைப் பிடித்து நடந்துவிட்டதால் எல்லாம் கேட்டுவிடலாம் என்று ஆகாது. சேறு நல்லதுதான், எல்லோரும் கீழே பார்த்துக்கொண்டு நடந்தோம்.

கல் சுவரைத் தாண்டியபோது நாலரை மணி. அவர் கையை நீட்டி ஒரு தகரக் கூரையைக் காட்டினார். அதுதான் அவர் வீடு. சுவரிலிருந்து கூப்பிடு தூரம். நாலு வரிசை கிழங்கு, ஒரு ஆடு. தண்ணீர் டிரம் பக்கத்தில் என் ஷூவைக் கழற்றச் சொன்னார். "வேண்டாம்" என்றேன். இந்தத் தடவை சத்தமாகவே சொன்னேன். என் ஷூவை நான்தான் கழுவினேன். அவர் நின்று பார்த்துவிட்டு, சரியாகக் கழுவத் தெரியவில்லை என்று சிரித்தார்.

பத்து டாலரை மாப்பிள்ளை கொடுத்தார். மேற்கொண்டு நான் கொடுத்ததை அவர் எண்ணிப் பார்க்காமல் பையில் வைத்துக்கொண்டார். பெயர் கேட்டேன். இரண்டு முறை சொல்லச் சொல்லி, ஃபோனில் எழுதிக்கொண்டேன்.

மாப்பிள்ளைக்குப் பிறகு வேறு நாட்டுக்கு மாற்றல் ஆகிவிட்டது. இப்போது அந்தப் பூங்காவை மறுபடி அகலமாக்குகிறார்கள். 1969-ல் வெட்டியதில் கொஞ்சத்தைக் காட்டுக்கே திருப்பிக் கொடுக்க, ஓரத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு வேறு இடத்தில் வீடு கட்டிக் கொடுத்து நகர்த்துகிறார்கள். கொரில்லாக்கள் பெருகிவிட்டன, இடம் வேண்டும், நியாயம்தான். அந்தச் செய்தி கண்ணில் படும்போதெல்லாம் சுவரை ஒட்டி இருந்த தகரக் கூரையும் நாலு வரிசைக் கிழங்கும் முன்னால் வந்து நிற்கும்.

அன்று இரவு விடுதிக்குள் நான் நொண்டிக்கொண்டு நுழைந்தபோது மனைவி வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். இடுப்புக்குக் கீழே சேறு, உள்ளங்கை வீங்கிச் சிவப்பு, ஒரு கையில் தடி. மேலும் கீழும் பார்த்தாள்.

"ஏனுங்க, எழுப்பிட்டீங்களா?"

"இல்ல. நான் வந்ததே அதுக்குத் தெரியாது."

"பையை யாரு தூக்குனாங்க?" என்றாள் அடுத்து. முப்பத்தெட்டு வருஷம் கூட வாழ்ந்தவளுக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரியாதா? சட்டையின் முதுகில் பை இருந்த இடத்திலும் சேறு அப்பியிருந்தது.